மூடி மேல் செருப்பு

கிட்ட வாங்க மக்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட. வெளியே சாரல் விழுகிறது, நனைந்த தலையைத் துவட்டிவிட்டுக் காலை மடக்கி உட்காருங்கள். தண்ணீர் இல்லாத தொட்டியில் மூழ்கப் பார்த்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். நடுவில் மனசு பதறும். பதறினால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களை இருட்டுக்குள் கூட்டிப்போகிறவள் அங்கேயே விட்டுவிட்டு வரமாட்டேன்.

அவள் பெயர் ஜெயசித்ரா. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முகம்மது மீரான் பாய் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் வேலை. அவளுக்கு அங்கே பெரும்பாலும் செத்தவர்களோடுதான் பாடு. ஆதார் அட்டையில் இருக்கும் தபால்தலை அளவு முகத்தைக் கொண்டுவந்து நீட்டி, "பெருசாக்கிக் குடும்மா, பதினாறாம் நாளுக்கு வேணும்" என்பார்கள். அவள் கம்ப்யூட்டரில் அந்த முகத்தைப் பெரிதாக்குவாள். பாதி மூடின கண்ணைத் திறந்துவைப்பாள். சட்டை கிழிந்திருந்தால் கோட்டு மாட்டிவிடுவாள். கேட்டால் மாலைகூடப் போடுவாள். ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவள் திறந்துவைத்த கண்கள் இருக்கின்றன.

தன் புருஷன் இசக்கிமணியின் படத்தை மட்டும் அவள் பெரிதாக்கவில்லை. வீட்டில் இருந்த கல்யாணப் படத்தையும் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவைத்திருந்தாள்.

இசக்கிமணி தொட்டி கழுவுகிறவன். குற்றாலத்து லாட்ஜுகளிலும் பங்களாக்களிலும் சீசனுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கிப் பாசி சுரண்டி, சுண்ணாம்பு அடிப்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம் பிறந்த நாலாம் நாள், சிற்றாற்றங்கரையில் பிணமாகக் கிடந்தான். சட்டை முழுக்கப் பிராந்தி வாடை. மகள் காது குத்துக்குக் குடியை விட்டவன், பதினைந்து வருஷம் தொடாதவன், கடைசியில் குடித்துவிட்டுத் தண்ணீரில் விழுந்து செத்தான் என்று ஊர் பேசியது. போலீஸ் காகிதத்திலும் அப்படித்தான் எழுதினார்கள்.

ஜெயசித்ராவும் நம்பினாள். அதுதான் மக்களே இந்தக் கதையில் பெரிய பாவம். வீட்டுக்கு வந்த பிணத்தின் மேல் விழுந்து அழவேண்டியவள், நின்றபடியே, "எம்பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுக் குடிச்சீரேய்யா. இனி எம் மொகத்துல முழிக்காதிரும்" என்று கத்திவிட்டு, முகத்தைக்கூடத் தொடாமல் உள்ளே போய்விட்டாள். மகள் கல்லூரி விடுதியில் அப்பா பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிற பிள்ளையானாள்.

ஒன்றே ஒன்று மட்டும் அவள் மனசில் நெருஞ்சி முள்ளாகத் தைத்துக் கிடந்தது. கரையில் அவன் செருப்பு ஜோடியாக, கோடு போட்டது மாதிரி வைத்திருந்ததாம். அவன் எந்தக் காலத்திலும் செருப்பை ஜோடியாகக் கழற்றினவன் இல்லை. ஒன்று வாசலில் கிடக்கும், ஒன்று அடுத்த வீட்டு முருங்கையடியில் கிடக்கும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி, முள்ளை எடுக்க ஒரு போன் வந்தது. புனலூர் மரக்கடையில் வேலை பார்க்கும் உச்சிமாகாளி பேசினான். முன்பு இசக்கிமணியோடு சேர்ந்து தொட்டி கழுவினவன்.

"மதினி, வச்சிராதிய. அண்ணன் ஆத்துல சாவல."

"என்னலே சொல்லுத?"

"ஐந்தருவி ரோட்டுல சுந்தரபாண்டியன் மொதலாளி பங்களா இருக்குல்லா, அங்கன பூமிக்கடியில ஒரு பெரிய தொட்டி. அதுக்குள்ளதான் விழுந்தாரு. காத்து கெட்டுக் கெடந்துச்சு. நான் மேல கயிறு பிடிச்சுக்கிட்டு நின்னேன். கூப்பிடக் கூப்பிடப் பேச்சில்ல."

"குடிச்சிருந்தாரா?"

"ஒரு சொட்டு கெடையாது மதினி. நம்ம எடத்துல செத்தாமுன்னு தெரிஞ்சா சீசனே போச்சுன்னு மொதலாளி குதிச்சாரு. பிராந்திய ஊத்துனது நான் இல்ல. ஆனா தூக்கும்போது நானும் ஒரு கை பிடிச்சேன்." அவன் அழுதான். "நாளைக்குச் சாயங்காலம் அந்தத் தொட்டிய இடிச்சு மண்ணு போட்டு மூடுதாவளாம். கார் நிறுத்த எடம் பண்ணுதாவ. தூணுல அண்ணன் கை இருக்கு மதினி. ஒத்தக் கை. அதுவும் போயிரும்."

"நீ வந்து சொல்லுலே. போலீஸ்ல வந்து சொல்லு."

"பயமா இருக்கு மதினி."

அதோடு போன் அணைந்தது. விடியும்வரை எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

ஒற்றைக் கை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இசக்கிமணியே சொல்லியிருக்கிறான். தொட்டிக்குள் இறங்குகிறவன் முதல் வேலையாகச் சுண்ணாம்பில் கையைத் தோய்த்து, ஏணியடித் தூணில் ஒரு கை பதிப்பான். பக்கத்தில் ஆணியால் தேதியைக் கீறுவான். வேலை முடிந்து ஏறும்போது அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கை வைப்பான். ஒரு ஆளுக்கு இரண்டு கை. இறங்கினதற்கு ஒன்று, ஏறினதற்கு ஒன்று.

மேலேயும் ஒரு சட்டம் உண்டு. இறங்குகிறவன் செருப்பைத் தொட்டி வாய் ஓரத்தில், மூடியின் மேலேயே போட்டுவிட்டு இறங்க வேண்டும். "மூடி மேல செருப்பு கெடந்தா உள்ள ஆளு கெடக்குன்னு அர்த்தம். எமனே வந்தாலும் அத நகட்டப்பிடாது" என்பான். அந்தப் பங்களாத் தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவள் ஒரு தடவை வாயில் அடித்துக்கொண்டாள். தொட்டி வாயை ஒட்டி இசக்கியம்மன் பீடம் இருந்ததாம்.

"அம்மன் மொகத்துக்கு நேராவா செருப்பப் போடுவிய? கண்ணு அவிஞ்சிரும்."

"அம்மா பொறுத்துக்கிடுவா பிள்ள. மூடி போடுதவன் பொறுக்க மாட்டான்."

மறுநாள் மத்தியானம் அவள் மீரான் பாய் முன்னால் போய் நின்றாள்.

"பெரிய கேமரா ஒரு நேரத்துக்கு வேணும் பாய்."

"கல்யாணமா, சடங்கா?"

"எங்க வீட்டுக்காரர ஒரு போட்டோ எடுக்கணும்."

பாய் அவள் முகத்தையே பார்த்தார். அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்துக் கொடுத்தார். "குத்தாலம் பக்கம்னா சாரல்ல லென்ஸ் மூச்சு விட்ட கண்ணாடி கணக்கா மங்கிப் போயிரும். துணியில பொத்தி வையும்மா" என்றார்.

பங்களாவின் பின்பக்கம் மதில் இடிந்து கிடந்தது. ஓடையைத் தாண்டி அதன் வழியாக உள்ளே போனாள். மணி மூன்று. பகலில் சீசன் கூட்டம் ரோட்டை அடைத்துக் கிடந்ததால், ஜேசிபியும் மண் லாரிகளும் ஆறு மணிக்கு மேல்தான் வரும். காவல்காரர் பலவேசம் சாப்பிடப் போயிருந்தார். ஆழம் பார்ப்பதற்காகக் காலையில் திறந்த இரும்பு மூடி தொட்டி வாயை ஒட்டி அப்படியே தரையில் கிடந்தது. பக்கத்தில் மஞ்சளும் செம்மண்ணும் பூசிய இசக்கி பீடம். இரண்டு குரங்குகள் அதன் மேல் உட்கார்ந்து பேன் பார்த்தன.

அவள் கையில் ஒரு தூக்குவாளி கொண்டுவந்திருந்தாள். அதற்குள் கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். அடிவரை அணையாமல் எரிந்தது. இதுவும் அவன் சொன்னதுதான். சுடர் நின்றால் இறங்கலாம்.

இறங்கும் முன் காலைப் பார்த்தாள். செருப்பு. மூடியின் மேல் போடவேண்டும். கழற்றிக் கையில் எடுத்துக் குனிந்தாள். நேரே எதிரில் அம்மன். கை வரவில்லை. பிறந்ததிலிருந்து இசக்கி முன்னால் செருப்புக் காலோடு நடந்தறியாதவள் எப்படிப் போடுவாள்? நாலு எட்டு தள்ளிப் போய், பீடத்துக்குப் பின்பக்கம், ஓரமாகக் கழற்றிவைத்தாள். "என்னக் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வா தாயே" என்று கும்பிட்டாள். பிறகு இரும்புப் படி படியாக இருட்டுக்குள் இறங்கிவிட்டாள்.

உள்ளே அது தொட்டி மாதிரியே இல்லை. செங்கல் வளைவுகள் ஒன்றை ஒன்று தோளில் தாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. நாலுக்கு நாலாகப் பதினாறு தூண்கள். கணுக்கால் அளவு தண்ணீர், அதற்கடியில் வழுவழுவென்று சேறு. மேலே அவ்வளவு சத்தமாக விழுந்த அருவி இங்கே யாரோ போர்வைக்குள் முனகுவதுபோலக் கேட்டது. ஒரு சொட்டு எங்கோ விழுந்தால், அது பதினாறு தூணையும் சுற்றிவிட்டு வந்தது.

ஏணியடித் தூணுக்கு நேராகக் கேமராவைப் பிடித்து பிளாஷ் அடித்தாள். படத்தில் வெறும் வெளிச்சம். இன்னொன்று. அதிலும் ஒன்றும் இல்லை. பாசி பிடித்த கறுப்புச் சுவர். இரண்டு வருஷ ஈரம் எல்லாவற்றையும் தின்றுவிட்டதோ என்று நினைத்தாள்.

அப்புறம் அவளுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. தேய்ந்துபோன பழைய போட்டோவில் எழுத்து இருந்தால் அவள் விளக்கை நேரே காட்டமாட்டாள், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பாள். போனின் டார்ச்சைப் போட்டுத் தூணோடு ஒட்டிச் சாய்த்தாள்.

கைகள் எழுந்தன மக்களே. ஒன்று, இரண்டு, நாலு, பத்து. அவள் தலைக்கு மேலேவரை, ஜோடி ஜோடியாக, சுண்ணாம்புக் கைகள் சுவரிலிருந்து புடைத்துக்கொண்டு எழுந்தன. யார் யாரோ. எந்தெந்தக் காலத்திலோ இறங்கி, வேலை பார்த்து, ஏறிப் போனவர்கள். அதில் ஆட்காட்டி விரல் பாதியாக இருந்த ஒரு கை நாலைந்து ஜோடியில் இருந்தது. தேங்காய் உரிக்கிற பாரையில் பாதி விரல் போன இசக்கிமணியின் கை. எல்லாவற்றுக்கும் கீழே, அதே பாதி விரலோடு, ஒரு கை தனியாக நின்றது. பக்கத்தில் தேதி கீறியிருந்தது. அவன் செத்த தேதி. அதற்கு அந்தப் பக்கம் வெறும் சுவர்.

அவள் லென்ஸைத் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி லென்ஸைத் துடைத்தாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒன்பது படம் எடுத்தாள். ஒன்பதாவதில் கையும் தேதியும் ஊசி முனையாகத் தெளிவாக விழுந்திருந்தன.

அப்போதுதான் தலைக்கு மேல் வெளிச்சம் அணைந்தது. டங்கென்று ஒரு சத்தம். அதன் பின் கொண்டி நகர்ந்து விழும் சத்தம்.

"அண்ணாச்சீ! உள்ள ஆள் இருக்கு அண்ணாச்சீ!"

அவள் குரல் தூண்களைச் சுற்றிவிட்டு அவளிடமே வந்தது. தாவி ஏறினாள். தூக்குவாளியால் மூடியை அடித்தாள், நசுங்கும்வரை அடித்தாள். மேலே அருவியும் சாரலும். மூடி போட்டவன் சட்டப்படிதான் போட்டான். வந்து பார்த்திருப்பான், மூடி மேல் செருப்பு இல்லை, மூடிவிட்டான். அது அவளுக்குப் படியில் நிற்கும்போதே புரிந்தது.

மணி மூன்று நாற்பது. போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. ஆறு மணிக்கு ஜேசிபி வந்து கூரையை உடைக்கும். மூடியை யாரும் திறக்கப் போவதில்லை. வளைவுகள் உள்ளே சரியும், மேலே மண் விழும். அதற்கு மேல் கார்கள் நிற்கும்.

முதல் ஒரு மணி நேரம் கத்தினாள். தொண்டை கட்டியது. பிறகு நசுங்கின வாளிக்குள் ஒரு கற்பூரத்தைக் கொளுத்திப் பார்த்தாள். சுடர் முன்பு இருந்த உயரம் இல்லை. அவள் மிதித்துக் கலக்கின சேற்றிலிருந்து கெட்ட காற்று கிளம்பியிருந்தது. அரை மணி கழித்து இன்னொன்று. அது மஞ்சளாகி, குனிந்து, தானாக அணைந்தது. இன்னும் இரண்டு கற்பூரம் இருந்தது. கொளுத்தப் பயமாக இருந்தது. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று பையில் போட்டுவிட்டாள். தலை கனத்தது. கண் ஓரத்தில் மின்மினி பறந்தது. இப்படித்தானே அவுகளுக்கும் இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

தண்ணீரில் நடந்து தூணுக்கு வந்தாள். அவன் கைக்கு நேராகத் தன் கையைக் கொண்டுபோனாள். அரை விரல் இடைவெளியில் நிறுத்திக்கொண்டாள். தொட்டால் சுண்ணாம்பு உதிரும். அவன் செத்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தத் தனிக் கை. ஆசைக்காக அதையும் அழித்துவிடக் கூடாது.

"தொட மாட்டேன்" என்றாள் அதனிடம். "அன்னைக்கும் தொடல. அன்னைக்குத் தொட்டிருக்கணும். சட்டைய மோந்து பாத்தேன், வாய மோந்து பாக்கலயே நான். செருப்பு ஜோடியா கெடந்துச்சுன்னு கேட்டும் புத்தி வரலயே. என்ன மன்னிச்சிருங்க. உங்க பேர நான்தான் மொத ஆளா கெடுத்தேன்."

எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

கேமராவிலிருந்து சின்ன அட்டையை உருவி எடுத்தாள். கற்பூரம் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளில் அதைச் சுற்றி, முந்தானையில் மூன்று முடிச்சுப் போட்டாள். என்றைக்காவது யாராவது தோண்டினால் எலும்போடு அதுவும் கிடைக்கட்டும். மகளுக்குப் போய்ச் சேரட்டும். அப்பன் குடிகாரன் இல்லை என்று ஒருத்திக்காவது தெரியட்டும். அந்த எண்ணம் வந்த பிறகு அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஏணியின் இரண்டாம் படியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கிடந்தாள்.

பூமி அதிர்ந்தது. வண்டிச் சத்தம். கூரையிலிருந்து காரை பொடிப்பொடியாக அவள் தலையில் உதிர்ந்தது. கத்த வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது.

அப்புறம், கொண்டி நகர்ந்தது.

மேலே வெளிச்சம். வெளிச்சத்தில் ஒரு நரைத்த தலை. அதன் கையில் ஒரு பெண் செருப்பு.

"யாத்தே! இருக்கியா தாயி? உசுரோட இருக்கியா?"

பலவேசம்தான். பாதிவரை இறங்கி, அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சாரலில் கொண்டுபோய்ப் போட்டார். அவள் மழையைத் தின்பதுபோல மூச்சை இழுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு பேசினார்.

"மூடி மேல செருப்பு இல்லன்னு நான்தான் தாயி மூடினேன். இடிக்கதுக்கு முன்னால அம்மனுக்குத் தேங்கா உடைக்கலாமுன்னு வந்தேன். பீடத்துக்குப் பின்னால செருப்பு கெடக்கு. இங்கன எந்தப் பொம்பள வருவா? ஆளில்லாத செருப்பப் பாத்ததும் எனக்குக் கொல நடுங்கிப் போச்சு."

"ஏன் அண்ணாச்சி நடுங்குச்சு?"

அவர் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால இந்த மூடி மேல ஒரு செருப்பு கெடந்துச்சுல்லா" என்றாள் ஜெயசித்ரா. கட்டின தொண்டையில் குரல் கீறிக்கொண்டு வந்தது. "அத ஆத்தங்கரைக்குக் கொண்டுபோனது யாரு?"

"போடச் சொன்னது மொதலாளி."

"கொண்டுபோனது யாருன்னு கேட்டேன்."

பலவேசம் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "ஜோடியா வச்சேன் தாயி. செத்தவன் செருப்பாச்சே, எறியக் கூடாதுன்னு ஜோடியா வச்சேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. எழுந்தாள். அவர் கையிலிருந்த செருப்பை வாங்கினாள், பீடத்துக்குப் பின்னால் போய் மற்றதையும் எடுத்தாள். அம்மன் முகத்தை நேராகப் பார்த்து, "நீ பொறுத்துக்கோ" என்றாள். தொட்டி வாயருகே போய், மூடியின் மேல் இரண்டையும் வைத்தாள். பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஜேசிபிக்காரன் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு வந்தான். "யாரு அது? தள்ளும்மா!" என்று கத்தினான். செருப்பைப் பார்த்தான். அவனும் கிணறும் பள்ளமும் தோண்டிப் பிழைக்கிறவன்தானே. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.

"உள்ள ஆளா?"

"ஆமா."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. ரெண்டு வருசமா உள்ளதான் இருக்காரு. இன்னும் ஏறல."

பலவேசத்தின் போன் அடித்தது. சுந்தரபாண்டியன் முதலாளியின் குரல் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி வந்தது. "வண்டி ஏன்வே நிக்குது? என்னது, செருப்பா? எடுத்து வீசிட்டு வேலையப் பாரும்!"

பலவேசம் மூடி மேல் கிடந்த செருப்பைப் பார்த்தார். அப்புறம், "இந்தத் தடவ எடுக்க மாட்டேன் மொதலாளி" என்றார். போனை மடியில் செருகிக்கொண்டார். காலில் கிடந்த தேய்ந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் போட்டார். ஒன்று நேராக விழுந்தது, ஒன்று கவிழ்ந்து விழுந்தது. அப்படியே விட்டுவிட்டு, மழையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். ஜேசிபிக்காரனும் இறங்கி வந்தான். அவனும் கழற்றினான்.

மேலே சிக்னல் கிடைத்ததும் அவள் கூப்பிட, இருட்டுவதற்குள் மீரான் பாய் ஆட்களோடு வந்துவிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை அவர் கையில் கொடுத்தாள். மறுநாள் பலவேசமே நடந்துபோய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னார். கேஸ் இன்னும் நடக்கிறது மக்களே. எப்படி முடியும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் தொட்டியை மூடவில்லை. மூடக்கூடாது என்று தடை வாங்கியிருக்கிறார்கள்.

ஜெயசித்ரா வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் நம்மைப் பார்க்கத் திரும்பிவிட்டது. அதற்குப் பக்கத்தில், மாலை போட்டு, பெரிதாக்கின ஒரு கை. பாதி விரலோடு. விடுமுறைக்கு வந்த மகள் முதலில் அதற்கு முன்னால்தான் போய் நின்றாளாம். தொட்டுப் பார்த்தாளாம். கண்ணாடி போட்ட படம்தானே, தொடலாம்.

சரி, பிடித்த கையை விட்டுவிட்டு எழுந்திருங்கள். காலையில் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனவர்கள் அத்தனை பேரும் சாயங்காலம் எண்ணிக்கை குறையாமல் படியேறட்டும். அவர்கள் கழற்றிப் போடுகிற செருப்பு வாசலில் திசைக்கொன்றாகக் கிடக்கட்டும். அதை எடுத்து ஜோடி சேர்க்க உங்களுக்கு நேரமே இல்லாதபடி, உள்ளே சிரிப்பும் சாப்பாடும் நிறைந்திருக்கட்டும்.